நிலைத்த தலைப்பட்டை: வாசிப்புத் திரையின் இடப் பங்கீடு

இணையதளப் பக்கத்தின் மேல்விளிம்பில் தளத்தின் பெயரும் இலச்சினையும் பிரிவுகளின் பட்டியலும் தேடல் பெட்டியும் உள்நுழைவுப் பொத்தானும் அமைந்திருக்கும் கிடைமட்டப் பகுதி தலைப்பட்டை எனப்படும். வாசகர் பக்கத்தைக் கீழே உருட்டும்போது இப்பட்டை மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து மேலேறி மறைவதே இணையத்தின் இயல்பான நடத்தை. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்தித்தளங்களும் கடைகளும் வங்கிகளும் அதைத் திரையின் உச்சியிலேயே நிறுத்திவைத்து, உள்ளடக்கம் மட்டும் அதன் அடியில் நகரும்படி அமைப்பது பெருவழக்காகிவிட்டது. இவ்வாறு நிற்பதை நிலைத்த தலைப்பட்டை என்று இக்கட்டுரை குறிப்பிடுகிறது. அது நிற்க வேண்டுமா கூடாதா என்று மட்டும் கேட்கும் விவாதங்கள் பெரும்பாலும் விருப்புவெறுப்புகளின் மோதலாகவே முடிகின்றன. திரையில் நிரந்தர இடம் பெறுவது எது, அது வாசகரின் அப்போதைய வேலைக்கு உதவுகிறதா, அல்லது தளத்தை நடத்துபவரின் தேவையை மட்டும் நிறைவேற்றுகிறதா என்று கேட்டால், விடை பக்கத்துக்குப் பக்கம் மாறுவதும், வாசிப்பதற்கென்றே அமைந்த பக்கங்களில் நிலைத்த தலைப்பட்டைக்கு உள்ள நியாயம் மிகக் குறைவு என்பதும் தெளிவாகும்.

பட்டியலை அசையாமல் நிறுத்தும் ஆசை புதியதன்று. 1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவி, ஒரே சாளரத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு தனி ஆவணத்தைக் காட்டும் 'ஃபிரேம்' என்னும் வசதியை அளித்தது. மேல்துண்டில் பட்டியலை வைத்துக் கீழ்த்துண்டை மட்டும் உருட்டவிட்ட தளங்கள் உடனே பெருகின. அதே ஆண்டு டிசம்பரில், பயன்பாட்டு எளிமை பற்றிய ஆய்வுகளால் அறியப்பட்ட ஜேக்கப் நீல்சன் இவ்வசதியைக் கடுமையாகச் சாடி எழுதினார். பக்கம் என்பது இணையத்தின் அடிப்படை அலகு என்றும், ஃபிரேம்கள் அந்த அலகை உடைத்துவிடுவதால் முகவரியைக் குறித்துவைப்பதும் பிறருக்கு அனுப்புவதும் அச்சிடுவதும் குழப்பமாகின்றன என்றும் அவர் வாதிட்டார். 1997இல், பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 4.0 தரத்தில் ஃபிரேம்கள் இடம்பெற்றாலும், 2014இல் எச்டிஎம்எல் 5 அவற்றை வழக்கொழிந்தவை என்று ஒதுக்கிவிட்டது. வழி அடைபட்டது, ஆசை அடைபடவில்லை.

பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் இரண்டாம் தரம் 1998 மே மாதத்தில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தபோது, ஓர் உறுப்பைத் திரையோடு பிணைத்து நிறுத்தும் 'ஃபிக்ஸ்டு' என்ற அமைவு அதில் வரையறுக்கப்பட்டது. அந்த வரையறையில் இன்று பலர் கவனிக்காத ஒரு விதியும் உண்டு: பக்கம் காகிதத்தில் அச்சாகும்போது, இவ்வாறு பிணைக்கப்பட்ட உறுப்பு ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரவேண்டும். அச்சுநூல்களில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் நூலின் பெயரோ இயலின் பெயரோ சிறிய எழுத்தில் வருவதைப் போன்ற ஒரு பயனை இவ்விதி சாத்தியமாக்குகிறது. ஆனால் அச்சுக்கெனத் தனி அமைவு எழுதாத தளத்தின் கட்டுரையைத் தாளில் எடுப்பவருக்கு, ஒவ்வொரு தாளிலும் இரண்டு மூன்று வரிகளை மறைத்துக்கொண்டு தளத்தின் பட்டியல் அச்சாகி வருவதும் இதே விதியால்தான். நூலின் தலைவரி அதற்கெனவே விடப்பட்ட ஓரவெளியில் நிற்கிறது. திரையின் தலைப்பட்டை வரிகளின் மேல் ஏறி நிற்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி நிலைத்த தலைப்பட்டைக்கு நெடிய மரபு காட்டுவோர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை.

வரையறை வந்த பின்பும் வழக்கு வரக் காலமெடுத்தது. அக்காலத்தில் பெரும்பான்மையோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பான 6, இந்த அமைவை ஏற்கவில்லை. 2006இல் வந்த 7ஆம் பதிப்பே ஏற்றது. ஐபோனின் சஃபாரி உலாவி 2011இல் வந்த ஐஓஎஸ் 5 முதற்கொண்டுதான் அதைச் சரிவர மதித்தது. இடைப்பட்ட காலத்தில், வாசகர் உருட்டுவதை ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் கண்காணித்து, பட்டையை ஒவ்வொரு முறையும் இழுத்து இடத்தில் வைக்கும் உத்திகள் புழங்கின; ஐஓஎஸ் 8க்கு முந்தைய ஐபோன்களில் உருளல் ஓயும்வரை அந்த நிரலுக்குத் தகவலே கிட்டாததால், பட்டை ஓரிடத்தில் திகைத்து நின்று பின் தாவுவது அன்றைய தளங்களில் பழகிய காட்சி. 2012இல் முன்மொழியப்பட்ட 'ஸ்டிக்கி' என்ற அமைவு இச்சிக்கலைத் தீர்த்தது. இதன்படி ஓர் உறுப்பு தன் இயல்பான இடத்தில் பக்கத்தோடு உருண்டு, திரையின் விளிம்பைத் தொட்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தன்னை உள்ளடக்கிய பகுதி முடிந்ததும் அதோடு சேர்ந்து விலகிவிடும். 2014இல் ஃபயர்ஃபாக்ஸும் 2017 தொடக்கத்தில் குரோமும் இதை ஏற்றபின், முன்பு பல நாள் உழைப்பைக் கேட்ட ஒன்று இரண்டு வரி நிரலாகச் சுருங்கியது. பட்டை எங்கும் நிற்கத் தொடங்கியதற்கு, அது நல்லது என்ற முடிவைவிட, அது எளிதாகிவிட்டது என்பதே பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

நல்லது என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது, வடிவமைப்பாளர்கள் படிக்கும் ஸ்மாஷிங் மேகசின் இதழ் 2012இல் வெளியிட்ட ஒரு சிறு சோதனை. பட்டியல் நிலைத்திருப்பதைத் தவிர வேறு வேற்றுமையில்லாத தளங்களில் நாற்பது பேருக்குச் சில பணிகள் தரப்பட்டன; நிலைத்த பட்டியல் உள்ள வடிவில் பணிகள் 22 விழுக்காடு விரைவாக முடிந்தன என்பது முடிவு. இதை ஐயுறக் காரணமில்லை. ஆனால், அளக்கப்பட்டது பிரிவிலிருந்து பிரிவுக்குத் தாவும் வேகம். தாவிச் செல்வதே பணியாகத் தரப்பட்டால் தாவும் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருப்பது விரைவைக் கூட்டாமல் வேறென்ன செய்யும்? இருபது நிமிடம் ஒரே கட்டுரையில் ஆழ்ந்திருப்பவர் அந்த இருபது நிமிடத்தில் பட்டியலை ஒரு முறைகூடத் தேடாமலோ ஒரே ஒரு முறை தேடியோ இருக்கக்கூடும். அந்த ஒரு முறைக்காகப் பட்டை முழு நேரமும் காவல் நிற்கிறது. சோதனையின் முடிவு கடைத்தளத்துக்கும் பயணச்சீட்டுத் தளத்துக்கும் பொருந்தும். அதைக் கட்டுரைத் தளத்துக்குக் கொண்டுசெல்வது, கேட்கப்படாத கேள்விக்கு விடையைப் பொருத்துவதாகும்.

இவ்வேறுபாட்டைத் தன் வடிவமைப்பிலேயே ஏற்றுக்கொண்ட தளம் விக்கிப்பீடியா. 2010 முதல் இருந்த அதன் தோற்றத்துக்குப் பதிலாக உருவாக்கப்பட்ட 'வெக்டர் 2022' என்ற புதிய தோற்றம், பல மொழி விக்கிப்பீடியாக்களில் சோதிக்கப்பட்டபின் 2023 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவின் இயல்நிலைத் தோற்றமாயிற்று. இதில் நிலைத்த தலைப்பட்டை உண்டு. ஆனால் உள்நுழைந்த பயனர்களுக்கு மட்டுமே. தேடல், உரையாடல் பக்கம், திருத்த வரலாறு, மொழிமாற்றம் முதலிய கருவிகள் அதில் உள்ளன; இவை கட்டுரையை எழுதித் திருத்துவோர் நாளெல்லாம் நாடுபவை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஒப்பீட்டுச் சோதனையில், இப்பட்டை காட்டப்பட்டவர்கள் பக்கத்தின் உச்சிக்குத் திரும்ப உருட்டுவது ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. உள்நுழையாமல் வாசிக்க மட்டும் வருவோருக்கோ தலைப்பட்டை உருண்டு மறைகிறது. அகன்ற திரையில் பக்கவாட்டில் கட்டுரையின் பொருளடக்கம் நிற்கிறது, அதுவும் அப்போது வாசிக்கப்படும் பகுதியின் பெயரைத் தடித்துக் காட்டியபடி. உழைப்பவருக்குக் கருவி நிற்கிறது, வாசிப்பவருக்கு வாசிப்பின் வரைபடம் நிற்கிறது. இத்தோற்றம் பற்றி விக்கிப்பீடியர்களிடையே பெரும் சச்சரவு நடந்தது. வரிகளின் அகலத்தைக் குறுக்கியது உட்பட வேறு பல மாற்றங்களே அதன் மையம். இந்தப் பிரித்துக்கொடுத்தல் அச்சச்சரவின் இரைச்சலில் உரிய கவனம் பெறாமல் போனது.

பக்கவாட்டில் நிற்பதற்கும் உச்சியில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு வெறும் அழகியல் அன்று. கணினித் திரை அகலமானது. வாசிப்பு வரியோ அறுபது எழுபது எழுத்துகளுக்கு மேல் நீளக்கூடாது என்பது அச்சுக்கலையின் பழைய பாடம். ஆகவே பக்கவாட்டில் இடம் மிஞ்சுகிறது. உயரத்தில் எப்போதும் பற்றாக்குறை. 1366 பிக்சல் அகலமும் 768 பிக்சல் உயரமும் கொண்ட மடிக்கணினியில், உலாவியின் தாவல்களும் முகவரிப் பட்டையும் இயங்குதளத்தின் கீழ்ப்பட்டையும் போகப் பக்கத்துக்கு மிஞ்சுவது சுமார் 630 பிக்சல் உயரம். அதில் 100 பிக்சல் தலைப்பட்டை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. கைபேசியை நிமிர்த்திப் பிடிக்கும்போது 56 பிக்சல் உயரப் பட்டை பெரிதாகத் தோன்றாது. கிடையாகத் திருப்பினால் 360 பிக்சல் உயரத்தில் உலாவியின் பட்டைகள் போக மிஞ்சும் 280இல் அதுவே ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு தலைப்பட்டை ஒன்றுக்கு மட்டுமே. 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை நடைமுறைக்கு வந்ததிலிருந்து பல தளங்களின் அடியில் ஒப்புதல் கேட்கும் பட்டையும், அதன்மேல் செயலியை நிறுவச் சொல்லும் பட்டையும் சேர்ந்துகொண்டுள்ளன. மேலும் கீழும் இறுகிய இடைவெளியில் கட்டுரை சன்னல் கம்பிகளுக்கிடையே தெரியும் தெருவைப் போல் ஆகிவிடுகிறது.

வேடிக்கை என்னவெனில், உலாவிகளை உருவாக்குவோர் இதே காலத்தில் எதிர்த்திசையில் நடந்தார்கள். 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல், சஃபாரி தன் முகவரிப் பட்டையைக் கீழ்நோக்கி உருட்டும்போது சுருக்கிக்கொள்கிறது. ஆண்ட்ராய்டின் குரோம் அதை முற்றிலும் மறைத்துக்கொள்கிறது. வாசகருக்கென்று உலாவி அரும்பாடுபட்டு விட்டுக்கொடுத்த இடத்தைத் தளத்தின் இலச்சினை எடுத்துக்கொள்கிறது. இன்னொரு முரணும் உண்டு. கைபேசிகளை மக்கள் பொதுவெளியில் பிடிக்கும் விதத்தைக் கவனித்து ஸ்டீவன் ஹூபர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கவனிக்கப்பட்ட 1,333 பேரில் திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தவர்களுள் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் கைபேசியைப் பிடித்து இயக்கினர். ஒரு கைப் பிடியில் கட்டைவிரலுக்கு எட்டாத பகுதி திரையின் உச்சி. அன்றைய திரைகளைவிட இன்றைய திரைகள் நீண்டுவிட்டன. 2021இல் ஐஓஎஸ் 15 முகவரிப் பட்டையைத் திரையின் அடிக்குக் கொண்டுவந்ததில் இந்த நீட்சிக்குப் பங்குண்டு என்று ஊகிப்பது தவறாகாது. ஆக, எப்போதும் கைக்கெட்ட வேண்டும் என்பதற்காக நிறுத்தப்படும் பட்டை, கைக்கு எட்டுவது கடினமான இடத்தில் நிறுத்தப்படுகிறது. ஐபோனில் திரையின் உச்சி விளிம்பை ஒருமுறை தொட்டாலே பக்கம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும் என்பதையும், கணினியில் 'ஹோம்' விசை அதையே செய்யும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மேலே திரும்புவது பெரும்பாடு என்ற வாதம் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கே முழுமையாகப் பொருந்துகிறது.

இதற்குச் சமரசமாக வந்தது, கீழே உருட்டும்போது மறைந்து மேலே உருட்டும்போது தோன்றும் பட்டை. 2013 வாக்கில் பரவிய 'ஹெட்ரூம்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு இதைப் பரவலாக்கியது. மேலே உருட்டுபவர் பட்டியலைத் தேடுகிறார் என்பது இதன் அடிப்படை அனுமானம். ஆனால் வாசகர்கள் மேலே உருட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு: ஒரு வாக்கியம் பிடிபடாமல், இரண்டு வரி முன்னே போய் மறுபடி படிக்க விரும்புவது. அப்போது அவர் தேடிச் சென்ற வரியின் மேலேயே பட்டை வந்து இறங்குகிறது. அதைத் தவிர்க்க இன்னும் கொஞ்சம் மேலே உருட்ட வேண்டியிருக்கிறது. கடினமான நூலை வாசிப்பவரே அதிகம் பின்னோக்கிச் செல்பவர் என்பதால் இவ்வடிவம் கவனமாக வாசிப்பவருக்கே அதிகம் இடையூறு செய்கிறது. ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் விடாமல் மேலேறினால் மட்டும் பட்டை தோன்றுமாறு செய்வது எளிய திருத்தம்.

மறைப்பதால் வரும் இடர்கள் இதோடு நிற்பதில்லை. ஒரே பக்கத்துக்குள் அடிக்குறிப்புக்கோ உட்தலைப்புக்கோ தாவும் இணைப்பைச் சொடுக்கினால், உலாவி அவ்விடத்தைத் திரையின் மேல்விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தும். மேல்விளிம்பில் பட்டை இருப்பதை உலாவி அறியாததால், தேடிய தலைப்பு அதன் பின்னே மறைந்திருக்கும். இடைவெளி விசையால் திரைதிரையாகப் புரட்டி வாசிப்பவருக்கு நேர்வது இதைவிட நுட்பமானது. தொடர்ச்சிக்காக ஓரிரு வரிகள் மீண்டும் தெரியும்படி உலாவி ஒரு திரைக்குச் சற்றுக் குறைவாகவே நகர்த்துகிறது. பட்டையின் உயரம் அந்த மீதத்தைவிட அதிகமானால், சில வரிகள் எப்போதும் கண்ணில் படாமலேயே கடந்துபோகும், இழந்ததை வாசகர் அறியவும் மாட்டார். சிஎஸ்எஸ்ஸின் 'ஸ்க்ரோல் பேடிங்' என்ற அமைவு, மேலே இத்தனை பிக்சலை விட்டுக் கணக்கிடு என்று உலாவிக்குச் சொல்வதால் இவ்விரண்டு இடர்களுக்கும் மருந்தாகிறது. ஒரு வரியில் முடியும் இந்த மருந்தைப் பட்டை நிறுத்தும் தளங்கள் பல இன்னும் இடுவதில்லை.

சுட்டியைப் பயன்படுத்த இயலாமல் விசைப்பலகையால் மட்டும் இயங்குவோருக்கு இது அசௌகரியம் என்ற அளவைத் தாண்டிய தடை. டேப் விசையை அழுத்தி ஓர் இணைப்பிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது, தற்போது எந்த இணைப்பில் இருக்கிறோம் என்பதை அதைச் சுற்றி வரும் கோடு காட்டும். பின்னோக்கி நகர்ந்தால் அந்த இணைப்பு பட்டையின் அடியில் போய் ஒளிந்துகொள்ளக்கூடும். 2023 அக்டோபர் 5 அன்று டபிள்யூ3சி வெளியிட்ட இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு, இவ்வாறு முழுவதும் மறைபடக்கூடாது என்பதை 2.4.11 என்ற புதிய விதியாகவே சேர்த்தது. அதற்கு முந்தைய 2018ஆம் ஆண்டின் 2.1 பதிப்பில் உள்ள 1.4.10ஆம் விதியும் இங்கே பொருந்தும்: 1280 பிக்சல் அகலத் திரையை 400 விழுக்காடு பெரிதாக்கினாலும், அதாவது 320 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கினாலும், பக்கவாட்டில் உருட்டாமல் உரையைப் படிக்க முடிய வேண்டும். அதே பெருக்கத்தில் 1024 பிக்சல் உயரம் 256ஆகச் சுருங்குகிறது. 64 பிக்சல் உயரத் தலைப்பட்டை அதில் சரியாகக் கால் பங்கு. பார்வை குன்றியவர் எழுத்தைப் பெரிதாக்க முயன்றால் தளத்தின் இலச்சினையும் கூடவே பெரிதாகி, படிக்க வேண்டியதைத் தள்ளிவிட்டு நிற்கிறது.

தமிழ்த் தளங்களில் இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். கீ, கூ போன்ற எழுத்துகளின் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் தமிழ் உரைக்கு வரியிடைவெளி தாராளமாக வேண்டும். ஆகவே ஒரு திரையில் கொள்ளும் வரிகள் குறைவு. 16 பிக்சல் எழுத்துக்கு 28 பிக்சல் வரியுயரம் என்று கொண்டால், 56 பிக்சல் பட்டை விழுங்குவது இரண்டு முழு வரிகள். பிரிவுப் பெயர்களும் நீளமானவை: 'தமிழ்நாடு', 'விளையாட்டு', 'பொழுதுபோக்கு', 'தலையங்கம்' ஆகிய நான்கே கைபேசித் திரையின் அகலத்தை நிரப்பிவிடுவதால், பட்டியலை இரண்டாம் வரிக்கு மடிப்பதோ பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கச் செய்வதோ தவிர வழியில்லை. பெயரளவில் ஒரே வார்ப்புருவைப் பயன்படுத்தினாலும் தமிழில் பட்டை தடிப்பதும் வாசிப்பிடம் மெலிவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

இத்தனைக்குப் பின்னும் பட்டை நிற்பதற்குக் காரணம் அளவீட்டில் இருக்கிறது. தலைப்பட்டையில் விழும் ஒவ்வொரு சொடுக்கையும் தளம் எண்ணுகிறது. அதன் அடியில் மறைந்த வரியை எவரும் எண்ணுவதில்லை. நிறுத்திவைத்ததும் சொடுக்குகள் கூடுகின்றன, எனவே மாற்றம் வெற்றி என்று அறிக்கை எழுதப்படுகிறது. விளம்பரத் துறையின் கணக்கும் இதற்குத் துணைபோகிறது. அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் 2014இல் வகுத்த அளவுகோலின்படி, ஒரு காட்சி விளம்பரத்தின் பாதிப் பிக்சல்களாவது ஒரு விநாடி திரையில் தெரிந்தால் அது பார்க்கத்தக்கதாயிற்று என்று எண்ணப்படும். திரையோடு பிணைக்கப்பட்ட விளம்பரம் இந்த அளவுகோலை உழைப்பின்றி எட்டிவிடுகிறது. பட்டையின் நிலைப்பு வாசகர் வசதிக்காக என்று விளக்கப்படும் இடங்களில், இந்த வருவாய்க் கணக்கும் அருகில் வைத்துப் பார்க்கப்பட வேண்டும்.

எதையுமே நிறுத்தக்கூடாது என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு அன்று. தனிநபர் கணினிகளுக்கான முதல் விரிதாள் நிரலாக 1979இல் வந்த விசிகால்க்கிலேயே, நெடுவரிசைகளின் தலைப்பை உறையவைத்து எண்களை மட்டும் உருட்டும் கட்டளை இருந்தது. இருநூறு வரி நீளும் தேர்தல் முடிவு அட்டவணையில் நூற்றெண்பதாம் வரியில் உள்ள எண் வாக்குகளைக் குறிக்கிறதா வித்தியாசத்தைக் குறிக்கிறதா என்பதைத் தலைப்பு நின்றால்தான் அறியலாம். அங்கே நிற்பது வாசிப்பின் ஓர் உறுப்பு. பயணச்சீட்டைப் பதிவுசெய்யும் பக்கத்தில் மொத்தத் தொகையும் அடுத்த படிக்கான பொத்தானும் நிற்பதற்கும், நீண்ட சட்ட ஆவணத்தில் நடப்புப் பிரிவின் எண் ஒரு மெல்லிய வரியாக நிற்பதற்கும் இதே நியாயம் உண்டு. கட்டுரைப் பக்கத்தில் தளத்தின் பெயர் நிற்பதற்கு இந்த நியாயம் கிடையாது. தாம் எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்பதை வாசகர் ஐந்து பத்திகளுக்கொருமுறை மறந்துவிடுவதில்லை.

நிறுத்தியே தீரவேண்டும் என்ற இடங்களிலும், திரையின் உயரத்தை வினவி, போதிய உயரம் இருந்தால் மட்டும் பட்டையை ஒட்டவைக்கவும் இல்லையெனில் உருண்டுபோக விடவும் சிஎஸ்எஸ்ஸில் வழியுண்டு. இதற்கான வினவல் முறை 2012இலேயே தரமாகிவிட்டது. கைபேசியைக் கிடையாகத் திருப்பியவருக்கும் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கியவருக்கும் இந்த ஒரு நிபந்தனையே தீர்வாகிறது. ஆயினும் ஈதன் மார்காட் 2010இல் பெயரிட்ட தகவமைவு வடிவமைப்பு, அதாவது திரைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கங்களை ஆக்கும் முறை, அகலத்தை மையமாக வைத்தே வளர்ந்தது. வார்ப்புருக்களும் பயிற்சி நூல்களும் அகலத்துக்கு நான்கைந்து எல்லைகளைக் கற்பிக்கின்றன. உயரத்துக்கு ஓர் எல்லை வகுத்திருக்கும் வார்ப்புருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.